மூன்று மணிப் பரீட்சை

சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த அந்த அறிவிப்பு, காலை ஒன்பது பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தது.

"ஜனாஸா மஃரிப்புக்கு இல்ல. லுஹருக்கே எடுத்துடுறோம்."

அந்தி வரை காத்திருக்க வேண்டியதில்லை, நண்பகல் தொழுகையோடு அடக்கம் என்று தீர்ப்பளித்தவர் அப்துல் சுக்கூர். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த நஸ்ருல்லாவின் அண்ணன். பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை. நுழைவுத் தேர்வு விஷயத்தில் திருச்சிக்கே தான்தான் அத்தாரிட்டி என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். மகனை இன்ஜினியர் ஆக்கியிருந்தார், மூன்றாவது முயற்சியில்.

காரணமும் சொன்னார். தம்பி மகள் ஆலியா பிளஸ் டூ. இன்றைக்கு மூன்று மணிக்கு ஜேஇஇ, எடமலைப்பட்டி புதூரில். இரண்டரைக்குக் கேட்டை மூடிவிடுவான்.

"ஜனவரில ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு. மொத தடவ எழுதினாத்தான் ரெண்டாவதுல மார்க் ஏறும். தம்பிகிட்ட தெனம் போன்ல தேதி கேப்பேன். போன வாரம்கூட 'இருபத்தெட்டு, மதியம்ண்ணே'ன்னான்."

நஸ்ருல்லாவின் மனைவி வஹீதா உள்ளறை வாசலுக்கு வந்தாள். "மச்சான், எம்புள்ள மன்சூர் ஷார்ஜாவுல டிக்கெட் போட்டுட்டான். நாலே காலுக்கு எறங்கிடுவான். அத்தா முகத்த ஒரு தடவ…"

"முகத்த வீடியோவுல காட்டலாம் வஹீதா. பரீட்சைய வீடியோவுல எழுத முடியுமா? நஸ்ருல்லா இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

நஸ்ருல்லா முன்கூடத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"சரிங்க மச்சான்" என்றாள் வஹீதா.

அதன்பிறகு அப்துல் சுக்கூரை ஒரே ஒரு கேள்விதான் குடைந்தது. எட்டிப்பார்க்கும்போதெல்லாம் ஆலியா அத்தாவுக்காக குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தாள். பிசிக்ஸ் புத்தகத்தைக் காணோம். கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவர் மகன் பரீட்சையன்று காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தவன். இந்தப் பெண்ணுக்கு எப்படிப்பட்ட நெஞ்சு?

"புள்ளைக்குப் பதட்டமே இல்ல, கவனிச்சியா?" என்றார் பக்கத்து வீட்டு ரஃபீக்கிடம்.

"அத்தா மவுத்தாயிருக்காங்கள்ல, பாய்."

"அது சரி. நான் பரீட்சையச் சொல்றேன்."

லுஹர் முடிந்து தம்பியை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பியபோது மணி ஒன்று நாற்பது. சந்து முனையில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையில் ஈரமண் காயாமலே உள்ளே வந்தார்.

"கெளம்பும்மா. ஹால் டிக்கெட், ஆதார் எடுத்துக்க."

ஆலியா நிமிர்ந்தாள். "எங்க பெரியத்தா?"

"பரீட்சைக்குத்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வஹீதாவின் கையில் போன் இருந்தது. 'ஏறிட்டேம்மா, வந்துடுறேன்' என்று மன்சூர் அனுப்பியிருந்த செய்திக்கு அவள் இன்னும் பதில் போடவில்லை.

"இதுக்காகவா லுஹருக்கு வச்சீங்க?"

"பின்ன?"

ஆலியா யாசீனை மூடினாள்.

"நீங்க தெனம் கேக்குறீங்கன்னு அத்தா சும்மா சொன்னாங்க, பெரியத்தா."

ஜனவரித் தேர்வுக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை.