ஆட்டத்துக்கு முன்னே கொடுத்த கை

கார்த் வீபேயின் முன்பற்கள் இரண்டும் நான் செய்து கொடுத்தவை. அசல் பற்களைத் தட்டி எறிந்தவள் என் மனைவி டார்லீன். எங்கள் சமவெளியில் இது அதிசயமில்லை. நடக்கத் தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஸ்கேட்ஸ் மாட்டி, கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துப் பனித்தரையில் இறக்கிவிடுகிற ஊர்களில் பல் மருத்துவன் பட்டினி கிடக்க மாட்டான்.

அது எங்கள் ஊரான கிரெய்க்லிக்கும் பக்கத்து ஊரான லோவெரிங்குக்கும் உறைந்த ஏரியில் நடந்த நன்கொடை ஆட்டம். டார்லீனின் மட்டை கார்த்தின் வாயில் பட்டது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும். உள்ளே எவ்வளவு அடித்துக்கொண்டாலும் சரி, அந்தக் கையோடு கணக்கு முடிந்துவிடும். அந்த வரிசையில் நிற்காமல் போகிறவனை எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். கார்த் வாயில் ரத்தம் வழிய வரிசையில் வந்து டார்லீனுக்குக் கை கொடுத்தான். அன்றிலிருந்து அவள் மனத்தில் அவன் பெரிய மனிதன்.

பிறகு டார்லீன் கிரெய்க்லிக்கு மேயரானாள். கார்த் லோவெரிங்குக்கு மேயரானான். அந்தச் சமயம் பார்த்துத்தான் கொக்கு வந்தது.

தெற்கே அமெரிக்காவில், பனிக்கட்டியைக் குளிர்பானத்தில் மட்டுமே பார்த்த ஒரு நகரத்தில், ஹெரான்ஸ் என்று ஒரு தொழில்முறை ஹாக்கி அணி. ஹெரான் என்றால் கொக்கு. அணியின் முதலாளி பிரெண்டன் டெலகோர்ட், 'யார் எனக்குப் புது அரங்கம் கட்டித் தருகிறார்களோ அவர்களுக்கே என் அணி' என்று அறிவித்தார். எங்கள் ஊருக்கு வந்தார். எங்கள் ஊர் அணிச் சட்டையை மாட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையான பெரோகி தின்றார், தேவாலயத்தில் பாடினார், குழந்தைகளை முத்தமிட்டார். மறுநாள் லோவெரிங்கில் அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு அதே பெரோகியைத் தின்றார். எங்களுக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாதிரியார் நோயாளிகளுக்கு ஜெபிப்பதற்கு முன்னால் அணிக்காக ஜெபித்தார்.

கிரெய்க்லியின் கஜானாவில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு தொகை. அது பிள்ளைகள் ஆடும் பனித்தரைக் கூடத்தின், எங்கள் பழைய ரிங்க்கின், கூரையை மாற்ற எடுத்துவைத்தது. பனிச்சுமையில் அந்தக் கூரை தொய்ந்து கிடந்தது. இன்னொரு குளிர்காலம் தாங்காது, கதவைப் பூட்ட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள்.

"அரங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டா கூரை போச்சு. போடலைன்னா நாற்காலி போச்சு," என்றாள் டார்லீன், சாப்பாட்டு மேசையில்.

"நாற்காலி எப்படியும் ஆடிக்கிட்டுத்தானே இருக்கு."

"நீ உன் பல்லு வேலையப் பாரு, லைல். நான் மட்டும் மாட்டேன்னு சொன்னா அணி லோவெரிங்குக்குப் போயிடும். அப்புறம் இந்த ஊரு என்னை உப்புக்கண்டம் போட்டுடும். ரெண்டு ஊரும் சேர்ந்து மாட்டேன்னா அந்தாளு சொந்தக் காச எடுத்துத்தானே ஆகணும்?"

யோசனை நல்ல யோசனைதான். அந்த வாரமே கார்த் கடைவாய்ப் பல்லை அடைக்க என்னிடம் வந்தான். பாதி வாய் மரத்துப்போய் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, டார்லீன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

"வாம்மா. மிச்சப் பல்லையும் எடுத்துட்டுப் போலாம்னு வந்தியா?" என்றான் கார்த், கோணிய உதட்டோடு.

"அதுக்கு வேற ஒரு நாள் வச்சிக்கலாம். கொக்குக்காரரு உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"லோவெரிங் ஜனங்க மாதிரி ஜனங்களை உலகத்துலயே பாத்ததில்லன்னாரு."

"எங்ககிட்டயும் அதேதான் சொன்னாரு. கார்த், ரெண்டு ஊர்லயும் மக்கள் காசுல ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. சம்மதமா?"

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்களுக்கும் கையிருப்பு ஒண்ணும் கொட்டிக் கிடக்கல. சம்மதம்."

"கை கொடு."

கழுத்தில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தான்.

"ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள கை கொடுத்துக்கறீங்களே?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நகர மன்றக் கூட்டத்தில் டார்லீன் எழுந்து நின்று, அரங்கத்துக்குக் காசு இல்லை, கூரைப் பணம் கூரைக்கே என்றாள். மன்றமும் வேண்டாவெறுப்பாகக் கை தூக்கியது. வெளியே வந்தபோது அவளைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். வீட்டுச் சன்னலில் ஹாக்கி வட்டுகள் வந்து விழுந்தன. என்னிடம் வந்துகொண்டிருந்த பாதிப்பேர் வேறு வைத்தியனைத் தேடிப் போனார்கள். வலி எடுத்தால் தானாக வருவார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் தொலைக்காட்சியில் கார்த் வந்தான். பக்கத்தில் டெலகோர்ட். லோவெரிங் நகரம் தன் செலவிலேயே அரங்கம் கட்டும் என்று அறிவித்தான். நான் செய்த இரண்டு பற்களும் விளக்கொளியில் பளிச்சென்று தெரிந்தன. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

டார்லீன் கத்தவில்லை. மூன்று முறை அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. பிறகு பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். எனக்குக் கார்த்தின் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, அச்சில் ஏறாது.

இலையுதிர் காலத்தில் தேர்தல். தோற்றாள், அதுவும் கேவலமாக. ஆனால் நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் ரிங்க்குக்குப் புதுக் கூரை ஏறிவிட்டது. மறுவாரமே சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனாள். எந்த அணிக்கு எந்த நேரம் என்று ரிங்க்கில் பங்கு போடுகிற வேலையும் அவளிடம் வந்தது. அந்தப் பொல்லாத வேலைக்கு ஊரில் வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

இதற்கிடையில் லோவெரிங்கில் அரங்கத்துக்கு அஸ்திவாரப் பள்ளம் தோண்டினார்கள். கடன் வாங்கினார்கள். போதவில்லை என்று பிள்ளைகளின் ரிங்க்கைப் பூட்டி அந்த நிலத்தையும் விற்றார்கள். டெலகோர்ட் பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைத் தன் சொந்த நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அணி போய்விடும் என்று அங்கே அலறியடித்து அவருக்குப் புது அரங்கம் கட்டித் தரச் சம்மதித்தார்கள். லோவெரிங் அரங்கம் பள்ளத்தோடு நின்றது. கொக்கின் தலையில் வெண்ணெயை வைத்து, அது உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடித்துவிடலாம் என்று இரண்டு ஊரும் கனவு கண்டோம். கொக்கு வெண்ணெயையும் தின்றுவிட்டுத் தன் குளத்திலேயே நின்றுகொண்டது.

பனிக்காலம் வந்ததும் கார்த் தொலைபேசியில் கூப்பிட்டான். டார்லீன் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நேர்ல வர்றேன்," என்று வைத்தாள்.

"என்னவாம்?"

"அவங்க ஊர்ப் பசங்களுக்கு ஆட இடமில்லையாம். நம்ம ரிங்க்ல நேரம் கேக்கறான்."

"கேக்க வாய் எப்படி வந்துச்சாம் அவனுக்கு?"

"அந்த வாய்க்குப் பல்லு கட்டினவன் நீதானே. வண்டிய எடு. என் ஸ்கேட்ஸையும் எடுத்து வை."

அரை மணி நேரப் பயணம் முழுவதும் அவள் ஸ்கேட்ஸை மடியில் வைத்துக் கயிறுகளை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். லோவெரிங் பள்ளத்தில் மழைநீர் தேங்கி உறைந்துபோயிருந்தது. பிள்ளைகள் அதில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்த் ஓரத்தில் நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

"நீ ரகசியமா கையெழுத்துப் போட்டுட்டேன்னு அந்தக் கொக்குக்காரன் சொன்னான், டார்லீன்."

"ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

கார்த் குனிந்துகொண்டான். "கேட்டிருந்தா நீ இல்லைன்னு சொல்லியிருப்ப. நான் நம்பியிருக்கணும். நம்பினா அணி கெடைக்காது. எனக்கு அணி வேணும்னு இருந்துச்சு. அதான் கேக்கல."

இதைவிட நேர்மையாக யாரும் ஒரு துரோகத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினான்.

டார்லீன் அந்தக் கையைத் தொடவில்லை. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீட்டிய கை காற்றில் நிற்பது என்னவென்று அந்தப் பொடிசுகளுக்கும் தெரியும். கார்த்தின் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

"ஒரு தடவ கொடுத்தாச்சு, கார்த். அப்ப ஆட்டமே ஆரம்பிக்கல, அது என் தப்பு," என்றாள் டார்லீன். "இப்ப ஸ்கேட்ஸ மாட்டு. ஆடிட்டுப் பேசலாம்."

அவன் மாட்டினான். பனியில் இறங்குமுன் என்னிடம் வந்து, அந்த இரண்டு பற்களையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.

"பத்திரம் டாக்டரே. இந்தத் தடவ ஒடஞ்சா புதுசு கட்ட எங்க ஊர்ல காசில்ல."

பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அவர்களோடு ஆடினார்கள். டார்லீன் அவனை இரண்டு முறை பள்ளத்தின் மண்சுவரில் மோதிக் கீழே தள்ளினாள். இரண்டாவது தடவை பக்கத்தில் வட்டே இல்லை. அவன் எழுந்தான், ஆடினான், ஒரு கோலும் போட்டான். டார்லீன் கட்சி தோற்றது. அவளுக்குத் தோற்பது எப்போதும் பிடிக்காது, அன்றும் பிடிக்கவில்லை.

வெளிச்சம் மங்கியதும் யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் எதிரெதிரே வரிசையாக நின்றார்கள். டார்லீன் ஒவ்வொரு கையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். வரிசையின் கடைசியில் கார்த் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

பல்லில்லாத வாயால் அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கையை விடாமலே அவனை நிறுத்தினாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் பசங்களைக் கூட்டிட்டு வா," என்றாள். "எங்க கூரை ஒழுகாது."