ஒரு ‘ப’ குறையுது

“பாய்லரைப் போடாதீங்க அண்ணி, நான் சொல்றதைக்…”

“நேத்து நீதானே படிச்சுச் சொன்னே, வால்வை ரிப்பேர் பார்த்துட்டாருன்னு? இப்ப வந்து…”

“சொன்னேன். தப்பாச் சொன்னேன்!”

“அதை ஆஸ்பத்திரி மேனேஜர்கிட்ட சொல்லு. சாயங்காலம் முந்நூறு விரிப்பு இஸ்திரியோட போகணும். போகலேன்னா ஆர்டரும் போச்சு.”

சலவைக்கூடத்தில் சுவிட்சுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில், ரஷ்ய மெக்கானிக் விட்டுப்போன துண்டுச்சீட்டு. மனிதர் விமானம் ஏறிவிட்டார், போன் எடுக்கவில்லை. ஆவி மிஞ்சினால் பாய்லர் வெடிக்காதபடி தானே திறக்க வேண்டிய வால்வு மூன்று நாளாக இறுகிக் கிடந்தது. அதைப் பற்றி அவர் ரஷ்ய மொழியில் எழுதியது ஒரே வரி: வால்வு, இரண்டு மணி நேரம், ‘சினீல்’.

“ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்காரு! அப்புறம் என்னடி, ருஷ்யாக்காரி?”

தம்பி மனைவிக்கு நாத்தனார் வைத்த பட்டம் அது. நாலு வருஷம் அந்த மொழியைப் படித்தவள், கேவலம் ஒரு வினைச்சொல்லில் வழுக்கிவிட்டாள். ஆனால் இப்போது அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

“காலையில உங்க தம்பியை எழுப்புனீங்களா?”

“தொண்டைத்தண்ணி வத்த எழுப்புனேன்.”

“எழுந்தாரா?”

“எங்க எழுந்தான்! மரக்கட்டையாட்டம் கிடக்கான்.”

“அதான் சினீல். எழுப்புனீங்க, ஆனா ஆள் எழுந்திருக்கல. சரிபண்ணி முடிச்சிருந்தா முன்னால ஒரு ‘ப’ போட்டு ‘பச்சினீல்’னு எழுதியிருப்பாரு. அவர் பார்த்தாரு, அவ்வளவுதான். ‘பார்த்துட்டாரு’ன்னு அந்த ‘ட்டு’வைச் சேர்த்தது நான்.”

“அவசரத்துல விட்டிருப்பாரு.”

“வயிறு முட்டச் சாப்பிட்டவன் ‘சாப்பிடப் பார்த்தேன்’னு சொல்வானா அண்ணி? அவங்களுக்கு அது எழுத்துப்பிழை இல்ல. வேற சேதி.”

நாத்தனார் சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பாய்லரைப் பார்த்தாள். அதை ஒட்டி இஸ்திரி மேசையில் காத்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்தாள். பெருமூச்சோடு சுவிட்சை விட்டு விலகி, இடுப்பில் செருகியிருந்த போனை உருவினாள்.

“மேனேஜர் சார், வால்வு இன்னும் சரியாகல. ரெண்டு நாள் தள்ளி விரிப்பு வரட்டுமா, இல்ல இன்னிக்கே அந்த விரிப்புல படுக்க எங்காளுங்க வரட்டுமா, நீங்களே சொல்லுங்க.”