மூடிய கொட்டகை

மாட்டுக் கொட்டகை நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தபோதே மாட்டு டாக்டர் பண்ணைக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "சாணியும் மூத்திரமும் ஒண்ணா ஊறினாத்தான் அமோனியாங்கிற நச்சு வாயு கிளம்பும். மூத்திரம் தனியா ஓட வாய்க்கால் வெட்டுங்க. சாணிய தினமும் வெளிய அள்ளிப் போட்டு, அந்தக் குவியல தார்ப்பாய் போட்டு மூடுங்க."

பண்ணைக்காரருக்குத் தரையைக் கொத்த மனம் வரவில்லை. நாற்றம் வெளியே போகாவிட்டால் போதாதா? குவியலுக்கு வாங்கிய தார்ப்பாயைக் கொட்டகையைச் சுற்றி இழுத்துக் கட்டினார். மகா கெட்டிக்காரர்!

"உள்ள போனா கண்ணு எரியுதுங்க. கன்னுக்குட்டி எல்லாம் இருமுது," என்றாள் மனைவி.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையே! உனக்கு எதுலயும் ஒரு நொட்டை."

வருஷக்கணக்கில் அந்தக் காற்றிலேயே கிடந்து மரத்துப்போன மூக்கு அது. அதைத்தான் அவர் நம்பினார்.

செத்துப்போன மூன்றாவது கன்றையும் அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்ட காலையில், மனைவி அரிவாளால் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப்புறமிருந்து பக்கத்து வீட்டுக்காரி சிரித்த முகமாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இப்ப நாத்தமே இல்ல. ரொம்பப் புண்ணியமாப் போச்சு!"