மடங்காத முழங்கை

தங்கை பிசியோதெரபிஸ்ட். அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வந்தவர்கள் தங்கையின் வேலையை விசாரித்தபோது, கை கால் அமுக்கிவிடுகிற வேலைதான் என்று அக்கா விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை முகம் சுருங்கி, சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

அந்த ஆண்டே அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். அக்காவின் கணவர் வழியாக விஷயம் தங்கையின் காதுக்கு வந்தது. மாவுக்கட்டைப் பிரித்ததுமே பயிற்சியைத் தொடங்கியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? போனைக் கையில் எடுப்பாள், வைத்துவிடுவாள். அக்காவே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள்.

அக்காவுக்கோ தங்கையிடம் போக முகமில்லை. அவளை விட்டுவிட்டு வேறொருவரிடம் போகவும் மனசு வரவில்லை. எங்கேயும் போகவில்லை. கட்டுக்குள் மடங்கியிருந்த கை, கட்டைப் பிரித்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது.

மறு ஆண்டு ஒரு மாலை, தங்கையின் கிளினிக்கில் மற்ற நோயாளிகளோடு அக்காவும் உட்கார்ந்திருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பின்னல் போடக் கை எட்டவில்லையாம்.

தங்கை அந்த முழங்கையை ஏந்திப் பார்த்தாள். மேல்கையின் ஒற்றை எலும்பும் முன்கையின் இரண்டு எலும்புகளும் சேருகிற இடம். உள்ளங்கையைத் திருப்ப முடிந்தது. மடக்கினாலும் நீட்டினாலும்தான் கொஞ்சம் வந்து நின்றது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிப் போயிருந்தது.

"வலிச்சாலும் பரவாயில்ல, நல்லா அழுத்து" என்றாள் அக்கா.

"அழுத்தினா இன்னும் இறுகிடும்க்கா."

"முழுசா வருமா?"

"கொஞ்சம் வரும். கட்டு பிரிச்சப்பவே வந்திருந்தா..."

"நீ கூப்பிடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நானும் அதையேதான்க்கா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள் அக்கா. தங்கை, கையைத் தளர்வாக விடச் சொன்னாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வாரந்தோறும் அக்கா வந்தாள். மெல்ல மெல்ல ஸ்பூன் வாய்வரை எட்டியது. அதற்குமேல் மூட்டு அசைந்து கொடுக்கவில்லை. எலும்பு டாக்டரிடமும் காட்டினார்கள். அறுவை சிகிச்சை செய்து உறையைத் தளர்த்திப் பார்க்கலாம், பழைய கை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகினாள். அவள் போடும் எட்டைப் பிள்ளைகள் மூன்று என்று வாசித்தார்கள்.

கடைசியில் தங்கை சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "இனிமே நீ வர வேண்டாம்க்கா. இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எதற்கு வந்தாய் என்று தங்கை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.