வாங்க, போங்க

நான் வேலை கேட்டு வந்த கம்பெனியில், என்னைப் பற்றி விசாரிக்க மேனேஜர் அம்மா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கப்போவது எங்கள் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, நான் வேலை பார்த்த ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை முதலாளி. கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவருக்கு எல்லோரும் ‘டேய்’.

விண்ணப்பத்தில் இருந்தது எனக்கு நானே வைத்துக்கொண்ட பெண் பெயர். அடையாள அட்டையிலும் மாற்றியாகிவிட்டது. மாறாமல் கிடந்தது அண்ணனின் வாய் ஒன்றுதான். முந்தின நாள் கடைக்குப் போய் மிரட்டாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

“உங்க வாயை நம்ப முடியாதுண்ணே. ‘அவன்’னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா என் பொழப்புல மண்ணுதான்.”

என் வீட்டில் கதவைச் சாத்தியபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் கடையின் பின்னறைச் சாவியை நீட்டிய மனிதர். அவரிடம்தான் இப்படிப் பேசினேன். எனக்கு வாய்க்கொழுப்பு.

அவர் ஸ்பேனரால் காதோரம் சொறிந்தார். “அப்ப ‘அவங்க’ன்னு சொல்லிடறேன்டா. அதுல ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது.” சொல்லி முடித்ததும் அந்த ‘டா’வுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது போனை எடுத்தார். மேனேஜர் அம்மா என் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

“அவங்களா? நல்லா வேலை செய்வாங்க. கம்ப்ரசர் சத்தத்தை வச்சே கோளாறு இதுதான்னு சொல்லிடுவாங்க. நேரத்துக்கு வந்துடுவாங்க. அங்க அவங்களுக்குக் குடிக்க ஏதாவது குடுத்தீங்களா? காலையில சாப்பிடாம வந்திருப்பாங்க.”

மேனேஜர் அம்மா சிரித்தேவிட்டார். “தன்கிட்ட வேலை பார்த்தவங்களைப் பத்தி இவ்வளவு மரியாதையா பேசற முதலாளியை நான் பார்த்ததே இல்லம்மா. திங்கக்கிழமை வந்துடுங்க.”

வெளியே படிக்கட்டில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, வேலை கிடைச்சிருச்சு!”

“ரொம்ப சந்தோஷங்க.”

“பக்கத்துல யாரும் இல்லண்ணே. எப்பவும்போல பேசுங்க.”

“வேணாங்க, பழகிக்கறேன். வீட்டுக்காரியைக்கூட நேத்திலிருந்து வாங்க போங்கன்னுதான் கூப்பிடறேன். உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டா. வாய் தவறிட்டா உங்க பொழப்பாச்சே.”

நான் வீசிய வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். அந்த மனிதரை அவர் வாய்க்கே பயப்பட வைத்துவிட்டேன். அதற்குள் கடையில் ஏதோ உருண்டு விழும் சத்தம். “டேய் எருமை, கண்ணை எங்கடா வச்சிருக்க?” என்று யாரிடமோ கத்தினார். அந்த எருமையின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

“அண்ணே, என்னையும் அப்படித் திட்டுங்கண்ணே.”

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“எப்படிங்க திட்டறது? ‘டா’ன்னா தப்பாயிடும். ‘டீ’ன்னு சொல்ல இன்னும் வாய் வர மாட்டேங்குது.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அது வாய்ல வந்ததும் திட்டறேங்க.”