பதினோராவது ஆள்

கனடாவில், எங்கள் தண்டர் பே ஊரின் ஜெப ஆலயத்தில் ஆட்களை எண்ணுவது என் வேலை. யூதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது, கண் பட்டுவிடும். அதனால் ‘ஒன்று இல்லை, இரண்டு இல்லை’ என்று எண்ணுவோம். ‘பத்து இல்லை’ வந்துவிட்டால் பத்துப் பேர் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். சேராவிட்டால், இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதிஷ் ஜெபம் அன்றைக்குக் கிடையாது.

இந்த வேலையை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அப்பா இறந்த வருடம் இங்கே பெண்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒன்பது ஆண்கள் முன்னால், நான் கடைசி வரிசையில். எத்தனையோ காலைகளில் காதிஷ் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். அப்புறம் ஏழு வருடம் சண்டை போட்டேன். இந்த ஊரில் முதன்முதலாக எண்ணப்பட்ட பெண், பெய்லா ஷ்னைடர்மன், நான்தான். இதைச் சொல்ல எனக்கு அலுக்காது, கேட்பவர்களுக்கு எப்போதோ அலுத்துவிட்டது.

ஐனோ கோஸ்கினென் டவுன் பஸ் ஓட்டுகிறவள், ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம். மூன்று வருடத்துக்கு முன் வந்து, யூத மதத்தில் சேர வேண்டும் என்றாள். கேட்டவுடனே சரி என்று சொல்வது எங்கள் வழக்கமில்லை. எங்கள் மதகுருவான ரபி மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாம் முறை வந்தவள், வாசலில் கிடந்த பனியைத் தள்ளி ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை. எண்ணும்போது அவளைத் தாண்டிப் போவேன். இன்னும் சேராதவளை எப்படி எண்ணுவது?

போன வியாழக்கிழமைதான் சேர்ந்தாள். வின்னிபெக்கிலிருந்து மூன்று ரபிகள் வந்திருந்தார்கள். சேருகிறவர்கள் ஆடையில்லாமல் தண்ணீரில் முங்கி எழ வேண்டும். இங்கே அதற்கான முழுக்குத் தொட்டி கிடையாது, ஏரிதான். அக்டோபர் மாதத் தண்ணீர், காலை வைத்தால் எலும்பு வரை குத்தும். ரபிகள் மரியாதையாக முதுகைத் திருப்பி நிற்க, சாட்சியாக நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐனோ மூன்று முறை முங்கினாள், உதடுகூட நடுங்கவில்லை. சவுனா என்கிற நீராவி அறையின் சூட்டிலிருந்து நேராகப் பனி ஏரியில் குதித்து வளர்ந்த உடம்பு. கோட்டும் தொப்பியுமாக ரபிகள்தான் வெடவெடத்தார்கள். இப்படி ஒருத்தி எங்களிடம் வந்தாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுதேவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நினைவு நாள். எண்ணினேன். என்னையும் சேர்த்து ‘ஒன்பது இல்லை’யோடு நின்றுவிட்டது. இன்னொருவருக்காக அரை மணி நேரம் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. கோட்டுகூடப் போடாமல், இரண்டு கட்டிடம் தள்ளி ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் ஸாண்டரிடம் ஓடினேன். அவனுக்குச் சாமி, ஜெபம் எதிலும் நம்பிக்கை இல்லை. பெரியப்பாவுக்காக என்று கெஞ்சி இழுத்து வந்தேன்.

அவன் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தான்.

“அக்கா, எத்தன பேருன்னு சொன்ன?”

“ஒம்போது. உன்னோட பத்து.”

“அப்ப வியாழக்கெழம ஏரில முங்குனது யாரு, வாத்தா?”

உள்ளே எல்லோரும் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில், துண்டு பிடித்த நானே அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஐனோ கடைசி வரிசையில் நின்றிருந்தாள், அந்தக் காலத்தில் நான் நின்ற அதே இடத்தில். வெட்கத்தில் காது எரிந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

“நானே என்னை எண்ணிக்கிறதுக்கா ஏரில எறங்குனேன்?” என்றாள் ஐனோ. “நீங்க எண்ணணும் பெய்லா.”

நேராக அவளிடம் போனேன். அவள் தோளைத் தொட்டு, “ஒன்று இல்லை” என்று ஆரம்பித்தேன். வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து, “பத்து இல்லை” என்று என் நெஞ்சில் கை வைத்து முடித்தேன்.

அதற்குள் ஸாண்டர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்திருந்தான்.

“நீ கடைக்குப் போ,” என்றேன். “இங்க பத்து பேர் இருக்கோம்.”

கூட ஒருவன் இருந்தால் நல்லதுதானே, யாராவது பாதியில் எழுந்து போனால் என்ன செய்வாய் என்று கேட்டான். யாரும் போக மாட்டார்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஐனோவை முன்வரிசைக்குக் கூட்டி வந்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவள் என் காதோரம் குனிந்தாள்.

“இப்ப இருமல் வந்தாக்கூட நான் வெளிய போக முடியாதே?”

“முடியாது,” என்றேன்.

அப்பாவுக்காகக் காதிஷைத் தொடங்கினேன். எல்லோருடைய ஆமெனையும் விட அவளுடையது உரக்கக் கேட்டது.