பதினொன்றாம் மேசை

எங்கள் திருச்சபைக் கூடத்தில் பன்னிரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆண்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த மேசைக்கு நகர்வார்கள். அதற்காக நேசபாய் ஆன்ட்டி ஓய்வுநாள் பள்ளியின் கைமணியை அடிப்பார். ஒரே சனிக்கிழமையில் வரன் பார்த்து முடிக்கும் இந்த ஏற்பாடு அவருடையதுதான். என் சுடிதாரில் பதினொன்று என்று எழுதிய சீட்டைக் குத்தியிருந்தார்கள். சுவரோரம் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்த அம்மா, சிரி சிரி என்று சாடை காட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தவர் துபாய்க்காரர். "அங்க வந்தா வேலைக்கெல்லாம் போகண்டாம், கேட்டியளா?" என்றார். அடுத்தவர், "முப்பத்திரண்டு வயசு வரைக்கும் ஏன் அமையல?" என்று கேட்டார். மூன்றாமவருக்கு எனக்கு மீன் வெட்டத் தெரியுமா என்று தெரிய வேண்டியிருந்தது.

பள்ளியில் நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் ஒருவன் இந்தத் தொனியில் கேட்டால் வெளியே நிறுத்தியிருப்பேன். இங்கே குரலைத் தாழ்த்தி, "சாளைன்னா வெட்டுவேன்" என்றேன்.

ஆறாவதாக வந்தவர் வினோஜ். அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்ததும், "நான் ஒண்ணும் கேக்கல. நீங்க கேளுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று நாளாக அம்மாவும் நானும் பதில்களை மட்டுமே தயாரித்திருந்தோம். எனக்கு என்ன வேண்டும் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். மணி அடித்துவிட்டது.

அவர் எழுந்து போன பிறகுதான் கேள்விகள் வந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னால் வந்தவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

கடைசியில், பிடித்த எண்களை எழுதச் சொல்லி ஆண்களுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள்.

"ஆன்ட்டி, எனக்கு?"

"ஏட்டி, பொம்பளப் பிள்ளையளுக்கு எதுக்கு அட்டை? அவிய எழுதினா நாங்க வீட்டுல வந்து சொல்லுவோம்லா."

"எனக்குப் பிடிக்கண்டாமா?"

"பிடிக்காமலா இவ்வளவு நேரம் இளிச்சுக்கிட்டு இருந்த?"

அம்மாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும்தான். எனக்குக் கன்னம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலருகே பேனாவோடு நின்ற வினோஜிடம் போனேன்.

"நீங்க கேளுங்கன்னு எத்தனை பேர்ட்ட சொன்னிய?"

"பன்னெண்டு பேர்ட்டயும்."

"யாராவது கேட்டாவளா?"

"ஒருத்தரும் கேக்கல."

பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருத்தி வக்கீல். வாய் ஓயாமல் பேசிக் கோர்ட்டில் சம்பாதிக்கிறவள்.

"எழுதாதீங்க. வந்து இருங்க" என்று என் மேசைக்கு அழைத்துவந்தேன். பதினொன்றைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"ஜினிஷா! இங்க வா" என்றாள் அம்மா.

"நேரம் முடிஞ்சாச்சு மக்கா" என்றார் நேசபாய் ஆன்ட்டி.

"மணிய இன்னொருக்க அடிங்க ஆன்ட்டி. எனக்க அஞ்சு நிமிஷம் இன்னும் தொடங்கவே இல்ல."

அவர் அடிக்கவில்லை. மணியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் வினோஜைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டேன்.